சேம அச்சு

ஒரு சின்னக் கேள்வி. ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஒருவர். உலகத்திலேயே அவரைவிட வேகமாக கார் ஓட்டத் தெரிந்தவர் அந்த வருடத்தில் யாரும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு மரணம் எங்கே வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

'ரேஸ் ட்ராக்கில்தான், வேறெங்கே?' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைக் ஹாத்தார்ன் என்று ஒரு ஆங்கிலேயர். ரேஸ் ஓட்டும்போதுகூடக் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு 'போ' கட்டிக்கொண்டு வரும் ஷோக்குப் பேர்வழி! 1958-ல் ஃபெராரி காரில் உலக சாம்பியன் ஆனார். பிரிட்டனுக்கு அதுதான் முதல் பட்டம். ஆனால், அதைக் கொண்டாடும் மனநிலையில் அவர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கில் அவருடைய உயிர் நண்பர் பீட்டர் காலின்ஸின் கார் தடம் புரண்டு பறந்ததை, பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஹாத்தார்ன் கண்ணால் பார்த்தார். காலின்ஸ் பிழைக்கவில்லை. சாம்பியன் பட்டம் கைக்கு வந்ததும், 'போதும்டா சாமி' என்று ரேஸுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் ஹாத்தார்ன். வயது 29.

அப்புறம் சரியாக மூன்று மாதம்.

1959 ஜனவரி 22. கில்ட்ஃபோர்ட் பைபாஸ் சாலை. மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தது. ஹாத்தார்ன் தன் சொந்த ஜாகுவாரில் லண்டன் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஒரு மெர்சிடிஸ். ஓட்டிக்கொண்டிருந்தவர் ராப் வாக்கர், ரேஸ் அணி ஒன்றின் முதலாளி, தெரிந்த மனிதர். அவ்வளவு போதாதா? விளையாட்டாக ஒரு போட்டி மூண்டது. ஹாத்தார்ன் முந்தினார். ஈரத்தில் கார் வழுக்கியது. எதிரே வந்த லாரியை உரசிவிட்டு, சாலையோர மரத்தில் போய் மோதியது. உலக சாம்பியன் கதை முடிந்தது.

தனியாக ஒருவர் என்றால் விதி என்று விட்டுவிடலாம். 1950-ல் ஃபார்முலா ஒன்னின் முதல் உலக சாம்பியனான இத்தாலிக்காரர் ஃபரீனா, ட்ராக்கில் எத்தனையோ எலும்பு முறிவுகளுக்குத் தப்பியவர். 1966-ல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயைப் பார்ப்பதற்காகக் காரில் போகும் வழியில் சறுக்கிக் கம்பத்தில் மோதி இறந்தார். ஓட்டுவதற்கு இல்லை, வேடிக்கை பார்ப்பதற்குப் போகும் வழியில்!

பைக் உலகத்தில் மைக் ஹெய்ல்வுட். ஒன்பது முறை உலக சாம்பியன். உலகின் மிக ஆபத்தான மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று பெயர் வாங்கிய 'ஐல் ஆஃப் மேன்' போட்டியில் 14 தடவை ஜெயித்தவர். 1981 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, தன் இரண்டு குழந்தைகளைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கப் போனார். வழியில் ஒரு லாரி, திரும்பக் கூடாத இடத்தில் யு டர்ன் போட்டது. ஹெய்ல்வுட்டும் மகளும் இறந்துபோனார்கள். மகன் பிழைத்தான்.

இங்கேயும் உண்டு. தேசிய அளவில் ஃபார்முலா ஃபோர் பட்டம் வென்ற சென்னை இளைஞர் அஸ்வின் சுந்தர். 2017 மார்ச் 18, நள்ளிரவு தாண்டிய நேரம். சாந்தோம் பக்கம் அவருடைய கார் சாலையோர மரத்தில் மோதித் தீப்பிடித்தது. கூட இருந்த மனைவியும் அவரும் வெளியே வர முடியவில்லை.

ட்ராக்கில் அத்தனை வேகத்துக்கும் தப்பித்தவர்கள் ரோட்டில் ஏன் தப்பிக்கவில்லை?

இதற்கான பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் கிடைத்தது.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? பாதிக்கு மேல் போனதும், சாலைக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் துண்டுதுண்டாக வெட்டிப் போட்ட மாதிரி பாத்திகள் வரும். நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். அதுதான் மரக்காணம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழ்நாட்டில் உப்புக்குப் பெயர்போன ஊர்.

இருபது வருடத்துக்கு முன்னால் நானும் நண்பனும் ஒரே பைக்கில் பாண்டிச்சேரிக்குப் போனோம். இரவு ஒன்பது மணி இருக்கும். அவன் ஓட்டினான். ஸ்பீடாமீட்டர் முள் 90-ஐத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பஸ், முழு வெளிச்சத்தையும் கண்ணில் அடித்துவிட்டுப் போனது. ஒரு விநாடி எதுவும் தெரியவில்லை. தெரிந்தபோது, விளக்கு வெளிச்சத்தில் ஒரு வேப்பங்கிளை. நடு ரோட்டில்! அதற்கப்பால் துண்டை ஆட்டியபடி ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால், ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல், உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குந்திக்கொண்டிருந்தது.

நண்பன் எப்படியோ வளைத்து மணலில் இறக்கினான். விழுந்தோம். முழங்கை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஹெல்மெட்? இருந்ததே... பைக் கண்ணாடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது!

பெரியவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். உப்பளத்துக் கூலிக்காரர். லாரி ரிப்பேர் ஆனதிலிருந்து அங்கேயே நின்று, வருகிற வண்டிகளுக்கெல்லாம் துண்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாராம். கிளையை ஒடித்துப் போட்டதும் அவர்தான். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மண்ணைத் தட்டிவிட்டபடி கேட்டார்: "இன்னா தம்பி இவ்ளோ அவசரம்? பாண்டிச்சேரி அங்கியேதான இருக்கும்!" கொஞ்சம் நிதானித்து, "முன்னாடி இன்னா இருக்குதுன்னு தெரியாத எடத்துல எப்புடி தம்பி இப்படி வர்றீங்க?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரை.

*

பெரியவருக்குத் தெரியாது, தன் ஊரில் இதே கேள்விக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது என்று!

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. அப்போதும் இந்தக் கடற்கரையில் விளைந்தது உப்புதான். அதை மாட்டு வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்ற வணிகர்களுக்கு 'உமணர்' என்று பெயர். இன்றைய லாரி டிரைவர்களின் முப்பாட்டன்கள். தனியாகப் போக மாட்டார்கள். கூட்டமாக, வரிசையாகப் போவார்கள். வண்டியின் அடியில் எப்போதும் ஒரு உபரி அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் 'சேம அச்சு'. நம் ஸ்டெப்னி!

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் இதைப் பிடித்துக்கொள்கிறார். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது, உமணர் வண்டியின் சேம அச்சு மாதிரி நீ என்கிறார். மாடு இளசு, பாரமோ அதிகம், வழியில் மேடு வருமோ பள்ளம் வருமோ யாருக்கும் தெரியாது... அதனால் கட்டியிருக்கும் அச்சு அது.

யோசித்துப் பாருங்கள். மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நகரும் மாட்டு வண்டி! அதை ஓட்டியவனுக்கு, 'எனக்கு எல்லாப் பாதையும் அத்துப்படி' என்ற திமிர் இல்லை. 'என்ன வருமோ தெரியாது' என்று தயாராகக் கிளம்பினான். ரேஸ் ட்ராக் என்று ஒன்று இந்த உலகத்தில் உருவானதே, இந்த உமணர் புத்தி ஐரோப்பியர்களுக்கு லேட்டாக வந்ததால்தான்.

*

ஆரம்பத்தில் கார் ரேஸ் என்றாலே அது ரோட்டில்தான். ஊருக்கு ஊர் விடுவார்கள். 1903 மே 24 அன்று பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கு ஒரு பிரம்மாண்டமான ரேஸ். விடியற்காலை வெர்சேல்ஸிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கிளம்பின. சில கார்கள் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்தன. பாதையோ மண் ரோடு. கிளம்பிய புழுதியில் முன்னால் இருப்பது தெரியவில்லை. மரத்தின் உச்சிகளைப் பார்த்து ரோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யூகித்து ஓட்டினார்கள்! ஜனங்கள் காரைப் பார்த்தே இராதவர்கள். ரோட்டின் நடுவே நின்று எட்டிப் பார்த்தார்கள். ஆடு, மாடு, நாய், குழந்தை எல்லாம் குறுக்கே.

போர்தோ நகரம் வருவதற்குள் எட்டுப் பேராவது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரெனோ கார் கம்பெனியின் சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ அதில் ஒருவர். செத்தவர்களில் ரேஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஜனங்களும் உண்டு. பிரெஞ்சு அரசாங்கம் ரேஸை அங்கேயே நிறுத்தியது. கார்களை எஞ்சின் ஸ்டார்ட் பண்ணக்கூட அனுமதிக்காமல், குதிரைகளைப் பூட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள் என்பார்கள்!

நான்கு வருடம் கழித்து, 1907-ல், இங்கிலாந்தில் ஹ்யூ லாக் கிங் என்ற பணக்காரர் தன் சொந்த நிலத்தில் புரூக்லேண்ட்ஸ் ட்ராக்கைக் கட்டினார். கார் ஓட்டுவதற்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் பெரிய ட்ராக் அது. அப்போது பிரிட்டிஷ் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 20 மைல். 'வேகமாகத்தான் போவேன் என்றால் ரோட்டை விட்டு இந்தப் பக்கம் வா' என்பதுதான் ட்ராக்கின் பிறப்பு ரகசியம்.

நம் சென்னைக்கும் அந்தக் கதை உண்டு. செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சண்டை முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பிடித்தது. சோழவரம் ரேஸ் என்றால் அந்தக் கால மெட்ராஸே திரளும். மகாராஜா முதல் மெக்கானிக் வரை ஓட்டினார்கள். பிறகு கிளப் சொந்தமாகவே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் கட்டிக்கொண்டு 1990 வாக்கில் அங்கே போய்விட்டது. அங்கே பழகிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர்.

*

'ட்ராக்கில் மட்டும் சாவதில்லையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சாகிறார்கள். 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லே மான் ட்ராக்கில் ஒரு மெர்சிடிஸ் கார் பறந்து கூட்டத்துக்குள் விழுந்து, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். (அந்த ரேஸில் ஜெயித்தவர் யார் தெரியுமா? நம் ஹாத்தார்ன்தான்!) இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில் அனுபவசாலியான கே.இ.குமார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன். ட்ராக் ஒன்றும் பூங்கா இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ட்ராக்கில் ஒருவர் செத்தால் அடுத்த ரேஸுக்குள் 'எதனால்?' என்று கேட்கிறார்கள். 1994-ல் அயர்டன் சென்னா இறந்த பிறகு, ஃபார்முலா ஒன்னில் காரும் மாறியது, ட்ராக்கும் மாறியது. அதன்பின் இருபது வருடம், கிராண்ட் ப்ரீ ஒன்றில் எந்த ஓட்டுநரும் சாகவில்லை. 2014-ல் ஜப்பானில் மழையில் ஜூல்ஸ் பியாங்கி சறுக்கியபோது, எதில் மோதினார் தெரியுமா? நின்றுபோன இன்னொரு காரைத் தூக்க வந்திருந்த கிரேன் வண்டியில். எங்கள் மரக்காணம் லாரி மாதிரியேதான்! ட்ராக்கில் இருக்கக் கூடாத ஒரு வண்டி இருந்தது, உயிர் போனது. அடுத்த வருடம் ஜூலையில், கோமாவிலேயே இறந்தார்.

2018 முதல் ஓட்டுநர் தலைக்கு மேல் 'ஹேலோ' என்ற வளையம் கட்டாயம் ஆனது. 'அசிங்கமாக இருக்கிறது' என்று பலர் முகம் சுளித்தார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமேன் குரோஷானின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிழம்பாக எரிந்தது. டி.வி-யில் பார்த்தவர்கள் 'அவ்வளவுதான்' என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அரை நிமிடத்துக்குள் நெருப்புக்குள்ளிருந்து ஏறிக் குதித்து வந்தார் மனிதர்! தலையை அந்த வளையம் காப்பாற்றியது. உடம்பைத் தீப்பிடிக்காத உடை காப்பாற்றியது. டாக்டருடைய கார் அதற்குள் அங்கே வந்து நின்றது.

2025 ஜனவரியில் துபாயில் நம் அஜித்குமாரின் கார் பயிற்சியின்போது சுழன்று தடுப்பில் மோதிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தார். சில நாளில் அவருடைய அணி அங்கே தன் பிரிவில் மூன்றாவது இடமும் பிடித்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள். காருக்குள் இரும்புக் கூண்டு, உடம்பைக் கட்டிப்போடும் பெல்ட், மோதினால் உள்வாங்கும் தடுப்பு, கொடியோடு மார்ஷல், தயாராக ஆம்புலன்ஸ்... எல்லாமே 'இந்த ஆள் தப்புப் பண்ணுவான்' என்று முன்கூட்டியே எதிர்பார்த்து வைத்தவை. எல்லாமே சேம அச்சு!

இனி ரோட்டுக்கு வாருங்கள். அதே ரேஸ்காரர், அதே கை, அதே கண். தடுப்புக்குப் பதில் புளியமரம். எதிரே வண்டி வராது என்ற உத்தரவாதம் போய், ராங் சைடில் வரும் டிராக்டர். கொடி ஆட்டும் மார்ஷலுக்குப் பதில் துண்டு ஆட்டும் பெரியவர், அவரும் இருந்தால் உண்டு! ஹாத்தார்ன் ட்ராக்கில் வழுக்கியிருந்தால் பெரும்பாலும் புல்வெளியில் போய் நின்று, ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி கிளம்பியிருப்பார். பைபாஸில் லாரியும் மரமும் காத்திருந்தன.

*

பைக் விஷயம் இன்னும் மோசம். காரிலாவது சுற்றி ஒரு தகரம் இருக்கிறது. பைக்கில் மோதலைத் தாங்குகிற பாகம் நீங்கள்தான்.

இதையும் முதலில் கண்டுகொண்டது ட்ராக்தான். புரூக்லேண்ட்ஸில் டாக்டராக இருந்த எரிக் கார்ட்னர், பைக் ரேஸ்காரர்கள் தலையில் அடிபட்டே வருகிறார்களே என்று யோசித்து, துணியும் அரக்கும் வைத்து ஒரு கவசம் செய்தார். 1914 ஐல் ஆஃப் மேன் போட்டியில் அது கட்டாயம். ரோட்டில்? 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் கொண்டாடிய டி.இ.லாரன்ஸ், 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் இடிக்காமலிருக்கப் பைக்கைத் திருப்பித் தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் கழித்து உயிர் போனது. அவரைக் காப்பாற்ற முயன்ற டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கேர்ன்ஸ். அந்த மரணம் அவரை விடவில்லை. ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டுபோகும் வீரர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து, 1941-ல் கட்டுரை எழுதினார். ராணுவத்தில் ஹெல்மெட் வந்தது. பிரிட்டிஷ் பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973-ல். தமிழ்நாட்டில் 2007-ல் ஒரு உத்தரவு, அப்புறம் தளர்வு, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் தலையிட்டு மறுபடி கட்டாயம்... ட்ராக்குக்கும் நமக்கும் நூறு வருட இடைவெளி!

இன்னும்கூட முழுசாக வந்து சேரவில்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் கிட்டத்தட்ட 75 ஆயிரம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்துச் சொச்சம். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். உலகத்தின் எல்லா ரேஸ் ட்ராக்குகளும் நூறு வருடத்தில் கேட்காத பலியை, நம் ரோடுகள் ஒரே வருடத்தில் வாங்கிக்கொள்கின்றன. ஓட்டுகிறவர்கள் எண்ணிக்கை வேறு, தூரம் வேறு. ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் ராத்திரி தூக்கம் வர மறுக்கிறது.

வேகம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. அறுபதில் போகிறீர்கள். குறுக்கே எதையோ பார்த்து மூளை உறைத்து, காலோ கையோ பிரேக்கைத் தொட ஒரு விநாடி. அதற்குள் 17 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20. மொத்தம் 37. சரி, வேகத்தை நூறாக்குங்கள். 37 என்பது 60 ஆகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 84 ஆகும்! வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு என்பது பள்ளிக்கூட பிசிக்ஸ். இத்தனைக்கும் இது நல்ல டயர், காய்ந்த ரோடு, மணல் இல்லை, பின் சீட்டில் ஆள் இல்லை என்ற கணக்கு. இறக்கிப் போட்ட ஹெட்லைட் காட்டுவது சுமார் 50 மீட்டர். ஆக, ராத்திரி நூறில் போகிறவர், தன் விளக்கு காட்டாத இருட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார். பெரியவர் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. 'முன்னாடி இன்னா இருக்குதுன்னு தெரியாத எடத்துல எப்புடி வர்றீங்க?' என்று ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

*

சனி, ஞாயிறு விடியற்காலையில் இ.சி.ஆரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விலை உயர்ந்த பைக்குகள் கூட்டமாகக் கிளம்பிவரும். சத்தம் அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே கேட்கும். பாண்டிச்சேரி வரைக்கும் ஒரு 'ரைடு', அங்கே இட்லி, திரும்பி வருதல். பையன்களைக் கேட்டால், 'காலையில ரோடு காலியா இருக்கும் சார்' என்பார்கள்.

காலி இல்லை. உப்பளத்தில் வேலை இருட்டிலேயே ஆரம்பமாகிவிடும். வெயில் ஏறினால் உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். அதனால் பொழுது விடியும் முன்பே ஆணும் பெண்ணுமாகத் தூக்குவாளியோடு கிளம்பிவிடுவார்கள். ரோட்டைக் கடந்துதான் பாத்திக்குப் போக வேண்டும். நூறில் வருகிற வண்டியின் தூரத்தை அந்த இருட்டில் அவர்களால் கணிக்க முடியாது. உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

1896 ஆகஸ்ட்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற 44 வயதுப் பெண்மணி, கார் ஒன்று வருவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். அது ஆளை ஏற்றிச் சுற்றிக் காட்டும் வேடிக்கை வண்டி. வேகம் ஓடும் மனிதனைவிட அதிகம் இல்லை என்கிறார்கள். இருந்தும் மோதி இறந்தார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். அன்றிலிருந்து கதை மாறவே இல்லை. ட்ராக்கில் உள்ளே வருகிற ஒவ்வொருவரும், 'எனக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். தூக்குவாளியோடு ரோட்டைக் கடக்கும் அந்தப் பெண் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடவில்லை. 2022-ல் அப்படி நடந்துபோய் இறந்தவர்கள் நாடு முழுக்க 32 ஆயிரத்துக்கு மேல். பொது ரோட்டில் ரேஸ் விட்டால் அபராதம், சிறை என்று சட்டம் சொல்வது ஓட்டுகிற உங்களுக்காக மட்டும் இல்லை.

ரோட்டில் ரேஸ் விடவே முடியாதா என்றால், முடியும். சென்னையே செய்துகாட்டியது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி, சுமார் மூன்றரை கிலோமீட்டர், விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ரேஸ். நீங்களும் நானும் தினமும் டிராஃபிக்கில் திணறும் அதே ரோடு! அதற்கு முன் என்னென்ன செய்தார்கள்? இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு, அதற்கு மேல் கம்பி வலை. பஸ், ஆட்டோ, பாதசாரி யாரும் கிடையாது. டாக்டர், தீயணைப்பு எல்லாம் தயார். இத்தனையும் செய்த பிறகும், சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் சான்றிதழ் கைக்கு வரும்வரை ரேஸ் தொடங்க முடியாமல் காத்திருந்தார்கள். ஒரு ரோட்டில் வேகமாகப் போவதற்கு என்ன விலை என்பதற்கு அதுதான் ரசீது. அந்த விலையைக் கொடுக்காமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறவர், பாக்கியை வேறு யாரோ தலையில் எழுதிவிட்டுப் போகிறார்.

2025 ஆகஸ்ட்டில், மரக்காணம் - புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டரை நான்குவழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நல்ல காரியம்தான். எதிரும் புதிருமான மோதல் குறையும். ஆனால் ரோடு அகலமானால் முள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். உப்பளத்துப் பெண் கடக்க வேண்டிய தூரமும் கூடும்.

அந்தப் பெரியவரை மறுபடி பார்க்கப் போனேன். இரண்டு, மூன்று வருடம் கழித்து. எந்தப் பாத்தியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, பேரும் கேட்டு வைத்திருக்கவில்லை. அன்று சிராய்ப்புக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கிளம்பும்போது எங்களை நிறுத்தினார். பைக் கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டைக் கழற்றி நண்பனிடம் கொடுத்தார். அவன் தலையில் மாட்டிக்கொண்டு பட்டையைத் தொங்கவிட்டபடி கிக்கரை உதைத்தான். பெரியவர் உப்பு காய்ந்த விரல்களால் தாடைக்குக் கீழே அந்தப் பட்டையை மாட்டிவிட்டார்.

"இப்ப போங்க" என்றார்.

நாற்பதிலேயே போனோம். பாண்டிச்சேரி அங்கேயேதான் இருந்தது.